சரிவில் நிறுத்திச் சரிசெய்த டீசல் முள்

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெற்றது வயதால் அல்ல, இடுப்பால். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு கியர் பாக்ஸைத் தூக்கினேன். கியர் பாக்ஸ் எழுந்தது, நான் எழவில்லை. அதோடு கொல்லிமலைச் செம்மேட்டில் இருந்த என் கடையை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவர் வேலையில் குறை சொல்லும் பதவிக்கு வந்துவிட்டேன். சம்பளம் கிடையாது. மற்றபடி நல்ல உத்தியோகம்.

நான் நன்றாகச் செய்த வேலைகளைப் பற்றி உங்களுக்கு எழுதச் சொன்னார்கள். யோசித்துப் பார்த்தேன். நன்றாகச் செய்த வேலை ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. அந்த வண்டிகள் ஓடிப்போய்விட்டன. கெடுத்த வேலைதான் கடை வாசலிலேயே நிற்கிறது. அப்படி நிற்பவற்றில் ஒன்று ஒரு பழைய டீசல் வேன். அதை நினைத்தால் வெட்கமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. இரண்டையும்விட அதிகமாக நன்றி வருகிறது.

அந்த வேன் வளப்பூர் நாட்டுக்காரர் ஒருவருடையது; நம் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. அவரே ஓட்டுவார். அப்போது அவருக்கு அறுபது வயதிருக்கும். பலாப்பழம், மிளகு மூட்டை, கல்யாண வீட்டு அண்டா, கல்யாணப் பெண் என்று எதையும் ஒரே மரியாதையோடு ஏற்றிப் போவார். பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார் என்பதால் வேன்காரர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அந்த வேனில் டீசல் அளவைக் காட்டும் முள் செத்துப் பத்து வருடமாகியிருந்தது. அவருக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. மூங்கிலில் சீவிய குச்சி ஒன்று வைத்திருந்தார். அதில் கத்தியால் கீறிய மூன்று கோடுகள். காலையில் வீட்டுக்கு முன்னால் இருக்கும் களத்தில் வண்டி நிற்கும்போது குச்சியை டேங்கில் விட்டு எடுப்பார். எத்தனையாவது கோடு வரை நனைந்திருக்கிறதோ அதுதான் அன்றைய கணக்கு. வேறெங்கும் குச்சியை விடமாட்டார். கேட்டால், "களத்துலதாங்க அளக்கோணும்" என்பார். சாமி கும்பிட இடம் பார்ப்பதுபோல டீசல் அளக்கவும் இடம் பார்க்கிறார் என்று நான் கடையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் பிரேக் வேலைக்கு வண்டியைக் கொண்டுவந்தார். பிரேக்கைப் பார்த்தோமா, அனுப்பினோமா என்று இருந்திருக்கலாம். நான் சும்மா இருக்கும் ஆளில்லை.

"அண்ணா, இந்தக் காலத்துலயும் குச்சியா? முள்ளுக்கு உசுரு குடுத்தர்றேன், வுடுங்க."

"எதுக்குங்க தம்பி. குச்சி நல்லாத்தான வேல செய்யுது."

"பல்லு குத்தறதுக்கு நல்லா வேல செய்யும்ணா."

அவர் சிரித்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கும், அதோடு ஒரு கம்பி. டீசல் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். அதைப் பார்த்து மேலே முள் ஆடும். நாம் டேங்க் யூனிட் என்கிற சமாச்சாரம் இவ்வளவுதான். அந்த வேனுடைய மிதவை ஓட்டையாகி மூழ்கிக் கிடந்தது. அதே மாதிரி யூனிட் எங்கும் கிடைக்கவில்லை. வேறொரு வண்டியினுடையதை எடுத்து, கம்பியை வளைத்துப் பொருத்தினேன். அன்று காலை களத்தில் குச்சி இரண்டாம் கோடு, அதாவது பாதி டேங்க் காட்டியதாக வேன்காரர் சொல்லியிருந்தார். முள்ளோ கால் டேங்குக்கும் கீழே நின்றது. கம்பியை இன்னும் கொஞ்சம் வளைத்தேன். பாதிக்கு வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்று பார்த்தேன். தாஜ்மகாலைக் கட்டியவன்கூட அப்படி ஒரு பார்வை பார்த்திருக்கமாட்டான்.

வேன்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"தம்பி, வண்டி மேம்பாத்து நிக்குதுங்களே."

என் கடை வாசல் ஏற்றம். மலையில் எல்லோருடைய வாசலும் ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். சமமாக இருப்பது தோசைக்கல் ஒன்றுதான்.

"அதுக்கென்னங்ணா?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மா கேட்டேன்."

அவர் சும்மா கேட்கவில்லை. அது எனக்குத் தெரிய இரண்டு நாள் ஆயிற்று. அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் கையிலிருந்த குச்சியை வாங்கி, நாலாக ஒடித்து, பக்கத்து டீக்கடை அடுப்பில் போட்டேன். "இன்னைக்கோட இதுக்கு ரிட்டயர்மெண்ட்" என்று சொன்னேன். டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். வேன்காரரும் சிரித்தார், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

மூன்றாம் நாள் அவருடைய அக்காவுக்குக் கண் ஆபரேஷன்.

அக்காவுக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. மற்றதில் புரை முத்திக் கிடந்தது. இனியும் முத்தவிட்டால் இதுவும் நிற்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன முறை முகாமுக்குப் போனபோது சர்க்கரை அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து அந்த அம்மாள் பலாப்பழ சீசனில், பலாத் தோப்புக்கு நடுவிலேயே குடியிருந்துகொண்டு, ஒரு சுளையைத் தொடவில்லை. கொல்லிமலையில் அது சாதாரண விரதம் இல்லை. சர்க்கரை இறங்கியது. பட்டியலில் பெயர் வந்தது. கண் ஆஸ்பத்திரி பஸ் அடிவாரத்தில் ஒன்பது மணி வரை நிற்கும். விட்டால் அடுத்த முகாம் மழைக்காலம் முடிந்துதான்.

அக்காவோடு இன்னும் ஐந்து பேர், எல்லோரும் கண்ணில் புரை விழுந்தவர்கள். அதில் குண்டூர் நாட்டுப் பெரியவர் ஒருவர், கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். ஆபரேஷனுக்குப் போகிறாரா, பெண் பார்க்கப் போகிறாரா என்று சந்தேகம் வரும். நாமக்கல்லில் சாமான் வாங்க வேண்டுமென்று நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், என் முள் ஆடும் அழகைப் பார்க்கத்தான் ஏறினேன்.

டீசல் பங்க் வந்ததும் வேன்காரர் வண்டியை மெதுவாக்கினார்.

"ரெண்டு நாளா ஓடியிருக்குதுங்க. கொஞ்சம் ஊத்திக்கலாமுங்களா?"

"பாதிக்கு மேல காட்டுதுங்ணா. ஏன் நேரத்தக் கெடுக்கறீங்க? வுடுங்க போலாம்."

அவர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விட்டார்.

மலை இறங்க ஆரம்பித்தோம். எழுபது கொண்டை ஊசி வளைவு உங்களுக்குப் புதிதில்லை. நாலைந்து வளைவு தாண்டியதும் முள் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது. பத்து வளைவில் முக்காலைத் தொட்டது. வண்டி ஓட ஓட டீசல் கூடுகிறது. மூளையுள்ள மெக்கானிக் அங்கேயே வண்டியை நிறுத்தச் சொல்லியிருப்பான். நான் பின்பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, நம்ம கை பட்டா டீசல் ஊறும்" என்றேன்.

கோட்டுக்காரர், "எனக்கென்ன தெரியுது. நீ சொன்னா செரி சாமி" என்றார்.

அடிவாரத்திலிருந்து எண்ணினால் முப்பத்தொன்றாம் வளைவில் எஞ்சின் இரண்டு முறை இருமியது. பிறகு நின்றது.

வேன்காரர் வண்டியை ஓரமாக ஒதுக்கிக் கைப்பிரேக்கை இழுத்தார். நான் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். மணி எட்டே கால் தாண்டியிருந்தது. அடுத்த டவுன் பஸ் ஒன்பதரைக்கு மேல்தான்.

பதறினால் ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. சிலர் கத்துவார்கள், சிலர் பீடி பற்றவைப்பார்கள். எனக்குக் கை வேகமாகிவிடும். கெடாததையெல்லாம் கழற்ற ஆரம்பித்துவிடுவேன். அன்று டீசல் ஃபில்டரைக் கழற்றி, துடைத்து, ஊதி, மாட்டினேன். பைப்பைக் கழற்றினேன். பேட்டரி வயரைக்கூட ஒருமுறை முறுக்கினேன், டீசல் எஞ்சின் ஓடும்போது தானாக நிற்க பேட்டரி காரணமாகாது என்று தெரிந்தும். இரண்டு ஸ்பேனர் பள்ளத்தில் விழுந்தன. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் நான் பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். எதற்கென்று இன்றுவரை தெரியாது.

வேன்காரர் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"தம்பி, குச்சி வுட்டுப் பாத்துரலாமுங்களா?"

"முள்ளு முக்கா காட்டுதுங்ணா. டீசல் கோளாறு கிடையாது. நான் சொல்றேன்ல."

"செரிங்க."

இன்னும் பத்து நிமிடம் கழிந்தது. அப்போதுதான் அக்கா சன்னல் வழியாகத் தலையை நீட்டினார். கண் தெரியாததால் என்னைப் பார்க்காமல், எனக்குச் சற்று இடப்பக்கம் இருந்த பாறையைப் பார்த்துப் பேசினார்.

"ஏங்கண்ணு, அந்த முள்ளுக்குச் சேதி சொல்றது டேங்குல எந்தப் பக்கம் இருக்குது?"

"முன்பக்கமுங்க்கா."

"எஞ்சினுக்கு டீசல உறிஞ்சறது?"

"பின்பக்கம்."

"வண்டி எறக்கத்துல மூஞ்சியக் குத்தீட்டு நிக்குது. பான அடியில கொஞ்சூண்டு தண்ணிய வெச்சுச் சாச்சா, ஒரு பக்கந்தான வந்து நிக்கும்? அந்தப் பக்கம் பாக்கறவனுக்குப் பான நெறயா இருக்கறாப்புலதான தெரியும்?"

ரோட்டோரச் செடியில் ஒரு குச்சியை ஒடித்து, இலையை உருவி, டேங்கில் பின்பக்கமாக இருந்த மூடியைத் திறந்து உள்ளே விட்டேன். விட்டபடியே வந்தது. நுனியில்கூட ஈரமில்லை.

ஏற்றத்தில் நிறுத்தி வளைத்த கம்பி. அப்போது டீசல் பின்னால் ஒதுங்கியிருந்ததால் முள் குறைத்துக் காட்டியது. நான் அதைக் கூட்டி வைத்தேன். இறக்கத்தில் மிச்சச் சொச்சம் முன்னால் ஓடிவந்து அதை இன்னும் கூட்டியது. என் கடை வாசலில் மட்டும் உண்மை பேசும் முள் அது. களத்தில்தான் அளக்க வேண்டும் என்று அவர் சொன்னது சாமி காரியம் இல்லை. அவர் வீட்டைச் சுற்றி வண்டி மட்டமாக நிற்கும் இடம் அந்தக் களம் ஒன்றுதான்.

கோட்டுக்காரர் உள்ளேயிருந்து கேட்டார்.

"என்ன சாமி, ஊறுச்சா?"

அதற்குப் பிறகு நான் செய்யப் பார்த்ததைத்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒரு தப்புச் செய்தவன் அதை மூட அவசரப்படுவான் பாருங்கள், அப்போதுதான் அவன் ஆபத்தானவன். முதல் தப்பு வெறும் தப்பு.

"அண்ணா, இறக்கந்தான. நியூட்ரல்ல உருட்டீட்டே போயர்லாம். முப்பது வளைவுதான். ஒம்போதுக்குள்ள அக்காவச் சேத்தர்லாம்."

எஞ்சின் ஓடாமல் பிரேக்குக்குப் பலம் இருக்காது. இரண்டு மிதி மிதித்தால் கல்லாகிவிடும். முப்பது வளைவு, பின்னால் ஆறு பேர். இது எனக்குத் தெரியாதா? அதற்கு இரண்டு நாள் முன்னால் அதே பிரேக்கைச் சரிசெய்தவன் நான்தான். தெரிந்தும் வாய் சொன்னது.

வேன்காரர் முகத்தைப் பார்த்தேன். பஸ்ஸைத் தவறவிட்டால் போகப்போவது அவருடைய அக்கா கண். அவசரப்பட உரிமை இருந்தால் அது அவருக்குத்தான். அவர் வண்டிச் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இல்லீங்க தம்பி. அக்காவுக்குக் கண்ணு போனா நான் கையப் புடிச்சுக் கூட்டீட்டுப் போவேன். ஏழெட்டு உசுரு போனா நான் யாரு கையப் புடிக்கறது?"

குரல் உயரவில்லை. சன்னலிலிருந்து அக்கா, "அதாஞ்செரி" என்றார். அவ்வளவுதான். நான் டயர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வேன்காரர் என் பக்கத்தில் குந்தினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். ஒரு பழைய தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

"ஒரு வாய் குடிங்க. மேல இருந்து எதாச்சும் வண்டி வரும். ட்யூப் இருக்குதுங்களா?"

இருந்தது. நான் கழற்றிப் போட்ட சாமான்களுக்கு நடுவில் கிடந்தது.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பலாப்பழம் ஏற்றிய பிக்கப் ஒன்று இறங்கி வந்தது. ஓட்டியவர் அடிவாரத்துப் பழ வியாபாரி, பாய் என்றால் மலையில் எல்லோருக்கும் தெரியும். வண்டியை நிறுத்தி, ரோட்டில் பரப்பிக் கிடந்த சாமான்களைப் பார்த்தார்.

"என்னா மேஸ்திரி, கடைய ரோட்டுக்கே மாத்திட்டீங்களா?"

வேன்காரர் விவரம் சொன்னார். ஆனால் எப்படிச் சொன்னார் என்று கேளுங்கள். "டீசல் பாக்காம வந்துட்டேனுங்க பாய்" என்றார். பார்க்க விடாதவன் நான், குச்சியை எரித்தவன் நான். அவர் அதை ஒரே வார்த்தையில் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

"அவரு மேல தப்பில்லீங்க பாய். நான்தான்" என்றேன்.

"யாரு தப்புன்னு கீழ போய்ப் பேசிக்கலாம். டீசல உறிஞ்சுங்க மொதல்ல."

ட்யூபைப் பாயின் டேங்கில் விட்டு வாயால் உறிஞ்சினேன். உறிஞ்சும்போது எப்போது வாயை எடுக்க வேண்டும் என்பதை இருபது வருடத் தொழிலில் கற்றிருந்தேன். அன்று அதுவும் மறந்துபோயிற்று. ஒரு முழு வாய் டீசல் உள்ளே போனது. ரோட்டோரத்தில் உட்கார்ந்து குமட்டினேன்.

"சாமி, இப்ப நீ எவ்வளவு காட்டற, பாதியா முக்காலா?" என்றார் கோட்டுக்காரர். வேனுக்குள் ஆறு பேரும் சிரித்தார்கள். அக்கா சிரிப்புத்தான் பெரிதாகக் கேட்டது. மணி ஒன்பதை நெருங்கியிருக்க, தன் கண் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்க, அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் எனக்கு மூச்சு திரும்பி வந்தது. கை நிதானமானது.

பாட்டில் பாட்டிலாக டீசலை மாற்றினோம். பம்பைக் கையால் அடித்து, டீசல் பைப்பில் புகுந்த காற்றை எடுத்தேன். இந்த முறை ஒரு ஸ்பேனரும் விழவில்லை. அதற்குள் பாய் வளைவின் ஓரத்துக்குப் போய், டவர் கிடைக்கும் கல்லின் மேல் ஏறி நின்று போன் பேசினார். அடிவாரத்தில் அவருடைய தம்பி டீக்கடை வைத்திருந்தார்.

"ஆஸ்பத்திரி பஸ் நிக்குதா? போவ வுடாத. ஆறு பேர் வர்றாங்க. என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாது."

எஞ்சின் எழுந்தது. வேன்காரர் ஒரு வளைவில்கூட அவசரப்படவில்லை. எனக்கு ஒவ்வொரு வளைவும் ஒரு வருடமாகத் தெரிந்தது. முள் முக்காலில் நின்று பல்லிளித்தது. நான் அதன் மேல் என் துண்டைப் போட்டு மூடினேன்.

அடிவாரத்தில் இறங்கும்போது ஒன்பதரை தாண்டிவிட்டது. பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவரும் நர்சம்மாவும் கையில் டம்ளரோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பாயின் தம்பி, "அடுத்த ஈடு வடை, ஒரே நிமிசம்" என்று நாலு முறை சொல்லி நாலு ஈடு போட்டிருந்தார். பஸ் டிரைவருக்கு அதற்கு மேல் ஒரு வடை இறங்காது. எங்களைக் கண்டதும்தான் பாயின் தம்பி அடுப்பைக் குறைத்தார்.

அக்கா பஸ்ஸில் ஏறும்போது படியில் நின்று கையை நீட்டித் துழாவினார். என் கை அகப்பட்டது.

"யாரு, மெக்கானிக்கா? டீசல் நாத்தம் அடிக்குது. போய் வாயக் கொப்புளிச்சுட்டு எதாச்சும் தின்னு சாமி."

அன்று மத்தியானமே நான் வளப்பூர் நாட்டுக்குப் போனேன். வேன்காரர் வேண்டாம் என்றார். கேட்கவில்லை. களத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்து மட்டம் பார்த்தேன். டேங்கைக் காலிசெய்து, படிப்படியாக ஊற்றி, ஒவ்வொரு படிக்கும் மிதவைக் கம்பியைச் சரிசெய்தேன். பொழுது சாயும்வரை ஆனது. முடிந்த பிறகு மூங்கில் ஒன்றை வெட்டி, சீவி, ஒரு புதுக் குச்சி செய்தேன். பழையதில் மூன்று கோடு, இதில் ஆறு. மெல்லிசாகக் கீறினேன். வேன்காரரிடம் கொடுத்தபோது எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கோடு எனக்குத் தெரியலீங்களே" என்றார்.

"அளந்து பழகுங்ணா. முள்ள நம்பாதீங்க. என்னையும்."

ஒரு மாதம் கழித்து, சீசன் முடியும் தறுவாயில், பழம் தின்ன வரச்சொல்லி ஆள்விட்டிருந்தார்கள். போனேன். களத்தில் வேன் நின்றது. அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு எதிரே வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானா அது. கொரலக் கேட்டு நல்ல ஒசரமா இருப்பேன்னுல்ல நெனச்சேன்."

"முத்துன புரையோடயே இருந்திருக்கலாமுங்க்கா."

அவர் நேராக வேனுக்குப் போய், சீட்டுக்கு அடியிலிருந்து குச்சியை எடுத்தார். டேங்க் மூடியைத் தம்பியைத் திறக்கச் சொன்னார். குச்சியை விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"நாலாங் கோட்டுக்கு ஒரு நெல்லு கீழ" என்றார்.

பிறகு கதவைத் திறந்து உள்ளே எட்டி முள்ளைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"இதும் அதேதான் சொல்லுது" என்றார். குச்சியை முந்தானையில் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"பொழச்சுக்குவ சாமி."

தம்பிகளே, இந்தத் தொழிலில் யாரும் எனக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுத்ததில்லை. இதுதான் இருக்கிறது. இதை வாங்கித்தந்தது நான் ஒடித்து அடுப்பில் போட்ட ஒரு மூங்கில் குச்சி.